குடும்பத்துக்கு வாக்கி-டாக்கி: எதை வாங்குறது, யார் பேர்ல லைசென்ஸ் எடுக்குறது

லாங் வீக்கெண்ட் வந்தா போதும், வாட்ஸ்அப் க்ரூப்புல யாராவது ஒருத்தர் கேட்டுடுவாங்க, "வாக்கி-டாக்கி எது நல்லா இருக்கும், லிங்க் அனுப்புங்க"ன்னு. நான் லிங்க் அனுப்புறதில்ல, பதிலுக்குக் கேள்விதான் கேக்குறேன்: எத்தனை கார் போகுது, கூட யார் யார் வர்றாங்க, சொந்தக்காரங்களா ஃப்ரெண்ட்ஸா, மலையா சமவெளியா. இவ்ளோ கேட்டா சில பேர் கடுப்பாயிடுறாங்க, ஒரு ரேடியோ வாங்க இவ்ளோ விசாரணையான்னு. ஆனா அமெரிக்காவுல இந்த விஷயத்துல "யார் கூட பேசப்போறீங்க"ங்கிறது வெறும் வசதிக்கான கேள்வி இல்ல, லைசென்ஸே அதை வச்சுத்தான் இருக்கு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி அலுத்துப்போச்சு, அதனால மொத்தமா இங்க எழுதிடறேன்.

முதல்ல ரெண்டு பேரைத் தெரிஞ்சுக்கங்க, எஃப்ஆர்எஸ், ஜிஎம்ஆர்எஸ். எஃப்ஆர்எஸ்னா ஃபேமிலி ரேடியோ சர்வீஸ், 1996ல எஃப்சிசி (அமெரிக்காவுல ரேடியோ விதியெல்லாம் போடுற அரசாங்க அமைப்பு) கொண்டுவந்தது, லைசென்ஸே வேண்டாம், கடையில அட்டையில ஒட்டி ஜோடி ஜோடியா தொங்குதே அதெல்லாம் பெரும்பாலும் இதுதான். ஜிஎம்ஆர்எஸ்னா ஜெனரல் மொபைல் ரேடியோ சர்வீஸ், இதுக்கு லைசென்ஸ் வேணும், ஆனா பரீட்சை கிடையாது, காசு கட்டினா முடிஞ்சுது. வேடிக்கை என்னன்னா ரெண்டும் ஒரே 22 சேனல்லதான் ஓடுது, 462 மெகாஹெர்ட்ஸ் 467 மெகாஹெர்ட்ஸ் பக்கம், அதனால எஃப்ஆர்எஸ் வச்சிருக்கறவரும் ஜிஎம்ஆர்எஸ் வச்சிருக்கறவரும் தாராளமா பேசிக்கலாம். வித்தியாசமெல்லாம் பவர்ல, ஆன்டெனால, ரிப்பீட்டர்லதான் (உயரத்துல இருந்து நம்ம பேச்சை வாங்கித் திருப்பி அனுப்புற ஸ்டேஷன், பின்னாடி சொல்றேன்).

2017க்கு முன்னாடி ஒரே ரேடியோவுல ரெண்டும் கலந்து வித்துட்டு இருந்தாங்க, சில சேனலுக்கு லைசென்ஸ் வேணும் சிலதுக்கு வேண்டாம், அது மேனுவலோட கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல இருக்கும், வாங்கினவங்கள்ல எத்தனை பேர் அதைப் படிச்சிருப்பாங்கன்னு நீங்களே சொல்லுங்க. எஃப்சிசியும் அது தெரிஞ்சுதான் 2017ல விதியை மாத்திச்சு: 2 வாட் வரைக்கும் இருந்தா அது எஃப்ஆர்எஸ், லைசென்ஸ் வேண்டாம், அதுக்கு மேல போனா ஜிஎம்ஆர்எஸ், லைசென்ஸ் எடு. வீட்டுல பழைய செட் ஏதாவது கிடந்தா அதோட பவரைப் பாத்து இந்தக் கணக்குல போட்டுக்கங்க. 8லேர்ந்து 14 வரைக்கும் இருக்குற சேனல்ல மட்டும் எல்லாருக்குமே அரை வாட்தான், அதனால தூரம் வேணும்னா அந்த ஏழு சேனல் பக்கமே போகாதீங்க. சில பேர் "8 எனக்கு ராசி"ன்னு அதுலயே உக்காந்துட்டு ரேடியோ சரியில்லன்னு புலம்புவாங்க.

இப்ப பெட்டி மேல போட்டிருக்குற மைல் கணக்கு. 25 மைல், 36 மைல்னு பெரிய எழுத்துல இருக்கும். அது ஒரு மலை உச்சியில நீங்க, எதிர்ல இன்னொரு மலை உச்சியில அவரு, நடுவுல ஒண்ணுமே இல்லன்னா வர்ற கணக்கு. இந்த அலைவரிசை நேர்ப் பார்வையில போற சமாச்சாரம், பூமி வளைஞ்சிருக்கு, தட்டைத் தரையில நிக்குற ஆளுக்குத் தொடுவானமே சுமார் 3 மைல்தான், அதுக்குள்ளயும் வீடு மரம் மேடுன்னு எல்லாம் குறுக்க நிக்கும். சபர்ப்ல வீடுகளுக்கு நடுவுல அரை மைல் ஒரு மைல் கிடைச்சா நல்ல ரேடியோதான்னு நினைச்சுக்கங்க. அடர்ந்த காட்டுக்குள்ள இன்னும் குறையும், பெரிய ஏரிக்கு இந்தக் கரையிலேர்ந்து அந்தக் கரைன்னா ரொம்ப நல்லா போகும். அதனால 25 மைல் பெட்டிக்கும் 36 மைல் பெட்டிக்கும் நடுவுல விலை வித்தியாசத்தைப் பாத்து குழம்பவே வேண்டாம், அந்த நம்பரையே கண்ணுல படாத மாதிரி தாண்டிடுங்க.

பவரும் அப்படித்தான். 2 வாட்லேர்ந்து 5 வாட் போனா ரெண்டரை மடங்கு தூரம்னு மனசு கணக்குப் போடும், ஆனா அந்தப் பக்கம் கேக்குறவருக்கு அது வெறும் 4 டெசிபல் கூடுதல், கொரகொரன்னு கேட்டது கொஞ்சம் தெளிவா கேக்கும் அவ்ளோதான், குறுக்க மலை இருந்தா மலை மலைதான். உண்மையிலேயே வித்தியாசம் பண்றது ஆன்டெனா எங்க இருக்குங்கிறது. எஃப்ஆர்எஸ்ல ஆன்டெனாவைக் கழட்டவே கூடாது, ரேடியோவோட ஒட்டின மாதிரிதான் இருக்கணும்னு விதி. ஜிஎம்ஆர்எஸ்ல கழட்டி மாட்டலாம், கார் மேல வைக்கலாம், வீட்டுக் கூரை மேல ஏத்தலாம். லைசென்ஸுக்குக் குடுக்குற காசு எனக்குத் தெரிஞ்சு வாட்டுக்காக இல்ல, இந்தச் சுதந்திரத்துக்காகத்தான்.

அப்ப எல்லாரும் ஜிஎம்ஆர்எஸ் எடுக்கணுமான்னா, இல்ல. பசங்க தெருவுல சைக்கிள் ஓட்டுறாங்க, கேம்ப்க்ரவுண்ட்ல ஒரு லூப்லேர்ந்து இன்னொரு லூப்புக்குப் பேசணும், டிரெயில்ல முன்னாடி போற கும்பலும் பின்னாடி மூச்சு வாங்கிட்டு வர்ற பெரியவங்களும் தொடர்புல இருக்கணும், இதுக்கெல்லாம் எஃப்ஆர்எஸ் போதும், கண்ண மூடிட்டு வாங்குங்க. ஃபோன் இருக்கேன்னு கேப்பீங்க. கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ்ல கேட்ஸ் கோவ் பக்கம் போய்ப் பாருங்க, யெல்லோஸ்டோன்ல பெரும்பாலான இடத்தைப் பாருங்க, ஃபோன் வெறும் கேமராதான். அதோட 2024 செப்டம்பர்ல ஹெலீன் புயல் வந்து மேற்கு நார்த் கரோலைனால டவரெல்லாம் போய் நாள்கணக்குல ஃபோன் இல்லாம ஜனங்க தவிச்சாங்களே, அதுக்கப்புறம் என்கிட்ட கேக்குறவங்க ட்ரிப்புக்குன்னு மட்டும் கேக்குறதில்ல.

ஜிஎம்ஆர்எஸ் எப்ப வேணும்னா: ரெண்டு மூணு காரா சேர்ந்து நெடுந்தூரம் போறீங்க, ஒரே ஊர்ல அண்ணன் வீடு தம்பி வீடுன்னு சில மைல் தள்ளி இருக்கீங்க, அல்லது பக்கத்துல யாராவது ரிப்பீட்டர் வச்சிருக்காங்க. இந்த மூணுல ஒண்ணு இருந்தா லைசென்ஸ் எடுக்கறது அர்த்தம் உள்ள வேலை.

கட்டணம் 35 டாலர், பத்து வருஷத்துக்கு. 2022 ஏப்ரலுக்கு முன்னாடி இது 70 டாலரா இருந்துச்சு, அப்ப எழுதின கட்டுரை இன்னும் நெட்ல நிறைய சுத்துது, அதைப் பாத்து பயப்படாதீங்க. 18 வயசு ஆகியிருக்கணும். சிட்டிசனா இருக்கணும்னு இல்ல, கிரீன் கார்டு இருக்கணும்னுகூட இல்ல, வேற நாட்டு அரசாங்கத்தோட பிரதிநிதியா இருக்கக்கூடாது அவ்ளோதான் விதி. எச்1 வேலை விசாவுல இருக்கறவங்க நிறைய பேர் நமக்குக் குடுக்கமாட்டாங்கன்னு முடிவே பண்ணிட்டு விட்டுடுறாங்க, அது தேவையில்லாத பயம்.

சரி, இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். ஒரு லைசென்ஸ் எடுத்தா எடுத்தவரோட குடும்பம் மொத்தமும் அதுல பேசலாம், எத்தனை ரேடியோ வேணா வச்சுக்கலாம். குடும்பம்னா யாருன்னு எஃப்சிசி விதியிலயே பட்டியல் போட்டு வச்சிருக்கு: கணவன் மனைவி, பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க, அப்பா அம்மா, தாத்தா பாட்டி, மறுமணத்துல வந்த அப்பா அம்மா பிள்ளைங்க, கூடப் பொறந்தவங்க, அப்பா அம்மாவோட கூடப் பொறந்தவங்க, கூடப் பொறந்தவங்களோட பிள்ளைங்க, அப்புறம் கல்யாண வழியில வந்த மாமனார் மாமியார் மச்சான் நாத்தனார் வகையறா. அமெரிக்கச் சட்டம் ஒண்ணு இவ்ளோ பெரிய குடும்பத்தை ஒத்துக்கறதை நான் வேற எங்கயும் பாத்ததில்ல. ஆறு மாசத்துக்கு வந்திருக்குற அம்மா அப்பா, பத்து வயசுப் பொண்ணு, ஊர்லேர்ந்து படிக்க வந்த அக்கா பையன், எல்லாரும் உள்ள. பேசுறவங்களுக்கு வயசு வரம்பும் இல்ல.

ஆனா பட்டியல்ல ஒரு ஓட்டை இருக்கு. சித்தப்பா இருக்காரு, சித்தப்பா பையன் இல்ல. அத்தை இருக்காங்க, அத்தை பொண்ணு இல்ல. மாமா உண்டு, மாமா பசங்க கிடையாது. நமக்கு அவங்கதானே உண்மையில ட்ரிப்புக்கு வர்ற கும்பல்! வெள்ளைக்காரக் குடும்பத்துல தாங்க்ஸ்கிவிங்குக்கு மட்டும் பாத்துக்குற உறவு, நம்மகிட்ட வாராவாரம் ஒரே வீட்டுல உருண்டு புரளுற உறவு. நான் என் பேர்ல லைசென்ஸ் எடுத்தா என் சித்தப்பா பையன் அதுல பேசக்கூடாது, அவன் தனியா 35 டாலர் கட்டி எடுக்கணும்.

இங்கதான் யார் பேர்ல எடுக்குறதுன்னு யோசிக்கணும்கிறேன். அதே லைசென்ஸை என் பேர்ல எடுக்காம என் அப்பா பேர்ல எடுத்தா என்ன ஆகும்னு பாருங்க. நான் அவருக்குப் பையன், உள்ள. என் மனைவி மருமகள், உள்ள. என் பசங்க பேரப்பிள்ளைங்க, உள்ள. என் சித்தப்பா அவருக்குத் தம்பி, உள்ள. சித்தப்பா பையன் அவருக்குத் தம்பி மகன், அவனும் உள்ள! ஒரு தலைமுறை மேல ஏறினதும் கசின்ங்கிற பிரச்சினையே காணாமப் போயிடுது. அதனால அமெரிக்காவுலயே இருக்குற, இங்கயே முகவரி இருக்குற அப்பாவோ அம்மாவோ பெரியப்பாவோ குடும்பத்துல இருந்தா அவங்க பேர்ல எடுங்க. சித்தப்பா பையனோட பசங்க மட்டும் இதுலயும் வரமாட்டாங்க, அவருக்குப் பேரன் முறைதான் ஆனாலும் விதிப்படி நேர்ப் பேரன் இல்ல, அங்க பட்டியல் நின்னுடுது. சம்பந்தி வருவாங்களான்னு விதியில தெளிவா போடல, அவங்களே ஒண்ணு எடுத்துக்கட்டும், சம்பந்திகிட்ட போய் எங்க லைசென்ஸ்ல ஓசியில பேசுங்கன்னு சொல்றது நல்லாவா இருக்கும்.

ஒண்ணு மட்டும், யார் பேர்ல எடுக்குறோமோ அவங்கதான் எஃப்சிசிக்குப் பொறுப்பு. பேரன் மைக்ல பாட்டுப் பாடினாலும் (பாட்டு போடுறது, விசிலடிக்குறது, சவுண்ட் எஃபெக்ட் எல்லாம் விதிப்படி கூடாது, நெஜமாவே எழுதி வச்சிருக்காங்க) கேள்வி தாத்தாவைத்தான் வந்து சேரும். அதனால அவர்கிட்ட இது என்னன்னு விளக்கிச் சொல்லிட்டு எடுங்க, சும்மா "இங்க கையெழுத்துப் போடுங்கப்பா"ன்னு எடுக்காதீங்க.

ஃப்ரெண்ட்ஸ் எவ்ளோ நெருக்கமா இருந்தாலும் பட்டியல்ல இல்ல. நாலு குடும்பம் சேர்ந்து போறீங்கன்னா வீட்டுக்கு ஒரு லைசென்ஸ், இல்லன்னா எல்லாருக்கும் எஃப்ஆர்எஸ். நடுவுல ஒரு வழி இருக்கு, லைசென்ஸ் இருக்குறவர் கார்ல ஜிஎம்ஆர்எஸ் வச்சுக்கட்டும், மத்தவங்க கையில சாதாரண 2 வாட் எஃப்ஆர்எஸ், சேனல் ஒண்ணுதானே, பேசிக்கலாம், யாரும் விதியை மீறல. உயிர் போற அவசரம்னா அது வேற, அந்த நேரத்துல லைசென்ஸ்காரர் தன் ரேடியோவை யார் கையிலயும் குடுத்துப் பேசச் சொல்லலாம், அதுக்கு விதியே இடம் குடுக்குது.

அப்ளை பண்றது கஷ்டமில்ல, அந்த சைட்தான் பாக்க பழசா, இருக்குற பொறுமையைச் சோதிக்கும். எஃப்சிசி சைட்ல கோர்ஸ்னு ஒண்ணு இருக்கு, அதுல ஈமெயில் குடுத்து அக்கவுண்ட் திறந்து எஃப்ஆர்என்னு ஒரு நம்பர் வாங்கணும், அதுக்கு எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி நம்பர்) கேக்கும், அதனால எஸ்எஸ்என் இருக்குறவங்க பேர்ல எடுக்குறது சுலபம். பேரை ஒரே மாதிரி போடுங்க, நம்ம ஆளுங்களுக்கு இனிஷியல் எங்க, கடைசிப் பேர் எதுன்னு ஒவ்வொரு ஃபாரத்துலயும் ஒரு மாதிரி இருக்குமே, இங்க அப்படி மாத்தி மாத்திப் போட்டா அப்புறம் திருத்துறது இழுவை. அடுத்து லைசென்ஸ் மேனேஜருக்குள்ள போய் புது லைசென்ஸ்னு குடுத்தா நீளமா ஒரு பட்டியல் வரும், அதுல இசட்ஏன்னு ஆரம்பிக்குறதுதான் ஜிஎம்ஆர்எஸ். அதுக்கப்புறம் வர்ற கேள்வியில பாதி உங்களுக்குச் சம்பந்தமே இருக்காது, ஃபெலனி, அதாவது பெரிய குற்றம் எதுலயாவது தண்டனை வாங்கியிருக்கீங்களான்னு கேக்கும், உண்மையைச் சொல்லிட்டு டிஜிட்டலா கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. பத்து நாளுக்குள்ள காசு கட்டணும், இல்லன்னா அப்ளிகேஷன் தள்ளுபடி, அனுப்பின கையோட கட்டிடுங்க. லைசென்ஸ் தபால்ல வராது, நீங்களே லாகின் பண்ணி பிடிஎஃப் எடுத்துக்கணும். நாங்க எடுத்துத் தரோம்னு கூடுதல் காசு கேக்குற சைட் எல்லாம் தேடுனா முன்னாடி வந்து நிக்கும், அதுல போய் மாட்டாதீங்க, எஃப்சிசியோட சொந்த சைட் மட்டும்தான்.

நிறைய பேர் கவனிக்காத ஒண்ணு, உங்க பேரும் தபால் முகவரியும் எஃப்சிசி டேட்டாபேஸ்ல போயிடும், கால்சைன் (லைசென்ஸோட உங்களுக்குக் குடுக்குற அடையாளக் குறி) தெரிஞ்ச யார் வேணா தேடிப் பாக்கலாம். நீங்க ரேடியோவுல கால்சைன் சொல்லிட்டு "நாங்க எல்லாரும் கிளம்பிட்டோம், வீட்டுல யாரும் இல்ல, வர நாலு நாள் ஆகும்"னு சொன்னா, கேக்குறவன் உங்க வீட்டு முகவரியை ஒரு நிமிஷத்துல எடுத்துடலாம். பயமுறுத்த சொல்லல. சங்கடமா இருந்தா பிஓ பாக்ஸ் முகவரி குடுங்க, அது செல்லும்.

கால்சைன்னா நாலு எழுத்தும் மூணு நம்பரும். பேசி முடிக்கும்போது ஒரு தடவை சொல்லணும், பேச்சு நீண்டுட்டே போனா 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை சொல்லணும். இங்க நம்மளுக்கு ஒரு நல்ல செய்தி. பேச்சு எந்த மொழியில வேணா இருக்கலாம், தமிழ்லயே பேசுங்க, ஆனா கால்சைனை மட்டும் இங்கிலீஷ்லதான் சொல்லணும், இல்லன்னா மோர்ஸ் கோடுல. சங்கேத மொழியில பேசக்கூடாதுன்னு ஒரு விதி இருக்கு, அதைப் பாத்துட்டு தமிழ்ல பேசினா பிரச்சினையான்னு ஒருத்தர் கேட்டாரு. தமிழ் சங்கேதம் இல்லங்க. மறைச்சுப் பேசுற உள்நோக்கத்தோட பேசுறதைத்தான் சொல்றாங்க. எஃப்ஆர்எஸ்ல கால்சைனே கிடையாது, இந்தத் தொல்லை எதுவும் இல்ல.

சாமான் வாங்குற கதை. எஃப்ஆர்எஸ்ல மோட்டோரோலா டி சீரிஸ், மிட்லண்ட், இதுல எதை வாங்கினாலும் பெரிய வித்தியாசம் இல்ல, பேட்டரியைத்தான் பாருங்க. சில செட்டுல அதுக்கான ரீசார்ஜ் பேக்கும் போடலாம், அது தீர்ந்தா டபுள் ஏ பேட்டரியும் போடலாம், கேம்பிங்குக்கு அதுதான் நிம்மதி, எந்த கேஸ் ஸ்டேஷன்லயும் கிடைக்கும். யூஎஸ்பி-சி சார்ஜிங் இருந்தா கார்லயே ஏத்திக்கலாம். தண்ணி பக்கம் போறவங்கன்னா மோட்டோரோலா டி600 தண்ணியில விழுந்தா மிதக்கும், பசங்க கையில குடுக்க நல்லது. ராக்கி டாக்கின்னு ஒண்ணு, மலையேறுறவங்களுக்குன்னே பண்ணது, பையில கொக்கியோட மாட்டிக்கலாம், விலை கூட, ஆனா கீழ விழுந்து விழுந்து அடிபடுற எடத்துல தாங்கும். வெதர் சேனல் இருக்கான்னு பாருங்க, நோவாங்கிற அரசாங்க வானிலை அமைப்பு நாடு முழுக்க 162 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஏழு சேனல்ல வானிலை சொல்லிட்டே இருக்கு, டவர் இல்லாத மலையில புயல் வருதான்னு தெரிஞ்சுக்க இதைவிட்டா வேற வழி குறைவு.

ஜிஎம்ஆர்எஸ்ல கையில வச்சுக்குற செட் 5 வாட். ரிப்பீட்டர் பயன்படுத்துற வசதி எல்லாத்துலயும் இருக்காது, கடை அட்டையில தொங்குற ஜிஎம்ஆர்எஸ்ல பெரும்பாலும் இருக்காது, ஆன்டெனாவும் கழட்ட வராது, அப்புறம் லைசென்ஸ் எடுத்ததுக்கு என்ன பிரயோஜனம். அதனால "ரிப்பீட்டர் கேபபிள்"னு போட்டிருக்கா, ஆன்டெனா கழட்ட முடியுமான்னு பாத்து வாங்குங்க. வூக்ஸன், பிடெக், பாவ்ஃபெங் இவங்க ஜிஎம்ஆர்எஸ்க்குன்னே தனியா மாடல் போடுறாங்க.

பாவ்ஃபெங்னு சொன்னதும் எல்லாரும் அந்த யூவி-5ஆர்ங்கிற ஹாம் செட் (பரீட்சை எழுதி லைசென்ஸ் எடுக்குற அமெச்சூர் ரேடியோக்காரங்களோடது) லிங்க்கைத் தூக்கிட்டு வருவாங்க, விலை மலிவு, 22 சேனலையும் நாமளே ப்ரோக்ராம் பண்ணிக்கலாம்னு யூட்யூப்ல காட்டுறாங்கன்னு. டெக்னிக்கலா வேலை செய்யும், சட்டப்படி கூடாது. எஃப்ஆர்எஸ், ஜிஎம்ஆர்எஸ் ரெண்டுக்கும் அந்த ரேடியோ அந்தந்த சர்வீஸுக்குன்னு எஃப்சிசி சர்டிஃபிகேட் வாங்கியிருக்கணும், ஜிஎம்ஆர்எஸ்னா எஃப்சிசி விதியில பார்ட் 95ஈங்கிற பகுதிப்படி. கையில லைசென்ஸ் இருந்தாலும், ஹாம் லைசென்ஸே இருந்தாலும், ஹாம் செட்டை எடுத்து ஜிஎம்ஆர்எஸ்ல பேச முடியாது. அதோட அந்த மாதிரி செட்டுல பசங்க பட்டனைத் தட்டித் தட்டி போலீஸ், ஃபயர் அலைவரிசையில போய் அமுக்கிட்டாங்கன்னா அது விளையாட்டு இல்ல. கொஞ்சம் காசு கூடப் போட்டா ஜிஎம்ஆர்எஸ் மாடலே கிடைக்குது, அப்புறம் எதுக்கு இந்த வம்பு.

கார்ல போறவங்களுக்கு என் கருத்து இதுதான், கையில வச்சுப் பேசுற ரெண்டு 5 வாட் செட்டைவிட கூரை மேல ஆன்டெனா வச்சு கார்லயே பொருத்துற ஒரு மொபைல் செட் எவ்வளவோ மேல். கார் ஒரு இரும்புப் பெட்டி, உள்ள உக்காந்து பேசினா பாதி சிக்னல் உள்ளயே செத்துடும். மிட்லண்ட் எம்எக்ஸ்டி275 மாதிரி 15 வாட் செட்டுல எல்லா பட்டனும் மைக்லயே இருக்கும், பெட்டியை சீட்டுக்கு அடியில ஒளிச்சு வச்சுடலாம். அதே கம்பெனியில எம்எக்ஸ்டி575 50 வாட், அதுதான் ஜிஎம்ஆர்எஸ்ல அனுமதிக்குற உச்சம், ஆனா அதுக்கு பேட்டரியிலேர்ந்து நேரா வயர் இழுக்கணும், சிகரெட் லைட்டர் சாக்கெட் தாங்காது. ஆன்டெனா பெருசா இருக்கணும்னு இல்ல, இந்த அலைவரிசைக்கு ஆறு அங்குலக் கம்பி போதும், காந்தத்துல கூரை மேல உக்காரும். உக்காரும்னா, கூரை இரும்பா இருந்தா. டெஸ்லாகாரங்களே, உங்க கூரை கண்ணாடி, காந்தம் ஒட்டாது, இதை வாங்கிட்டு வந்து பார்க்கிங் லாட்ல நின்னு முழிக்காதீங்க. அலுமினியம் பாடி வச்ச ட்ரக்குக்கும் இதே கதிதான், அதுக்கெல்லாம் பானெட் ஓரமா க்ளாம்ப் போட்டு மாட்டுற வகை இருக்கு.

பெட்டியில "ப்ரைவசி கோட்"னு போட்டிருக்கும், அதைப் பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா இதுலதான் அதிகமா ஏமாறுறாங்க. அது ரகசியம் எதுவும் இல்ல. காதுக்குக் கேக்காத ஒரு தணிஞ்ச ஒலியை உங்க பேச்சோட சேர்த்து அனுப்புது, அந்த ஒலி இல்லாத பேச்சை உங்க ரேடியோ உங்களுக்குக் கேக்க விடாது, அவ்ளோதான், காதுல பஞ்சு வச்சுக்கிட்டு நான் பேசுறது யாருக்கும் கேக்காதுன்னு நினைக்குற மாதிரி. கோடு போடாத ரேடியோ வச்சிருக்குற எவனுக்கும் நீங்க பேசுறது எல்லாமே கேக்கும். இதுல இன்னொரு சிக்கல், ஒருத்தர் ரேடியோவுல மட்டும் கோடு இருந்து இன்னொருத்தர்து சைபர்ல இருந்தா ஒரு பக்கம் மட்டும் கேக்கும், இவரு கத்துவாரு அவருக்குக் கேக்கும், அவரு பதில் சொல்வாரு இவருக்குக் கேக்காது, ரேடியோ ரிப்பேர்னு முடிவு பண்ணி கடையில திருப்பிக் குடுத்துடுவாங்க. ஒவ்வொரு கம்பெனியும் கோடுக்குப் போடுற நம்பரும் வேற வேற, இவங்க 12ம் அவங்க 12ம் ஒண்ணா இருக்கணும்னு அவசியமில்ல, மேனுவல்ல ஹெர்ட்ஸ் கணக்கைப் பாத்து ஒப்பிடணும். முதல் தடவை போறப்போ கோடை சைபர்ல வச்சுட்டுப் போங்க, கூட்டம் அதிகமா இருந்தா அப்புறம் போட்டுக்கலாம்.

அதே மாதிரி எஃப்ஆர்எஸ்ஸும் ஜிஎம்ஆர்எஸ்ஸும் கலந்து பேசுறப்போ ஒருத்தர் குரல் மட்டும் ரொம்ப சன்னமா கேக்குதுன்னா அது நேரோபேண்ட் வைட்பேண்ட் சமாச்சாரம், அதாவது ஒரு சேனல்ல பேச்சு எவ்ளோ அகலத்தை எடுத்துக்குதுங்கிறது. எஃப்ஆர்எஸ் எல்லாமே நேரோ. உங்க ஜிஎம்ஆர்எஸ் செட்டை மெனுவுல நேரோன்னு மாத்திட்டா சரியாயிடும்.

ரிப்பீட்டர்னா உயரமான இடத்துல இருக்குற ஒரு ஸ்டேஷன், நீங்க 467ல அனுப்புறதை வாங்கி சரியா 5 மெகாஹெர்ட்ஸ் கீழ, 462ல, பெரிய பவர்ல திருப்பி அனுப்பும். மலை மேல நல்ல ரிப்பீட்டர் இருந்தா கையில இருக்குற சின்ன செட்டை வச்சே பல பத்து மைல் பேசலாம், பெட்டியில போட்ட 36 மைல் நிஜமாவே நடக்குற ஒரே இடம் இதுதான். ஆனா அது யாரோ ஒருத்தர் சொந்தக் காசுல வச்சு நடத்துறது, பொதுச் சொத்து இல்ல. மைஜிஎம்ஆர்எஸ் சைட்ல உங்க ஊர்ப் பக்கம் என்ன இருக்குன்னு பாத்து, அனுமதி கேக்கணும்னு போட்டிருந்தா கேட்டுட்டுப் போங்க, பெரும்பாலும் சந்தோஷமா குடுப்பாங்க. குடும்பக் கதையை மணிக்கணக்கா அதுல பேசாதீங்க.

மத்ததெல்லாம் சுருக்கமா. மர்ஸ்னு ஒண்ணு இருக்கு, விஎச்எஃப்ங்கிற வேற அலைவரிசையில 5 சேனல், 2 வாட், லைசென்ஸ் வேண்டாம், வெளி ஆன்டெனாவும் வைக்கலாம், பெரிய தோட்டம் பண்ணைன்னு இருக்கறவங்களுக்கு அருமையா இருக்கும், கூட்டமும் குறைவு. சிபி ரேடியோவுக்கும் லைசென்ஸ் இல்ல, 40 சேனல், ஹைவேல ட்ரக்காரங்க இன்னும் பேசுறாங்க, ஆனா ஆன்டெனா நீளம், குழந்தைங்க இருக்குற கார்ல அந்தப் பேச்செல்லாம் கேக்கணுமான்னு யோசிச்சுக்கங்க. ஹாம் தனி உலகம், 35 கேள்வியில 26 சரியா போட்டா டெக்னிஷியன் லைசென்ஸ், வயசு வரம்பு இல்ல, படிக்குற பசங்களுக்கு நான் கண்டிப்பா சொல்லுவேன், ஆனா அதுல குடும்ப லைசென்ஸ் கிடையாது, தனியா பேசுற ஒவ்வொருத்தரும் பாஸ் பண்ணணும். அம்மாவை 35 கேள்விக்கு உக்கார வைக்க முடியும்னா தாராளமா பண்ணுங்க.

பேசுற பழக்கம் பத்தியும் ரெண்டு சொல்லணும். பட்டனை அமுக்கி ஒரு வினாடி விட்டுட்டுப் பேசுங்க, இல்லன்னா முதல் வார்த்தை வெட்டுப்பட்டுடும், "போகாதே"ங்கறதுல முதல் பாதி கேட்டு கடைசிப் பாதி போறதும் உண்டு, அதனால சொல்லி முடிச்சு ஒரு நொடி கழிச்சு விடுங்க. முக்கியமான விஷயத்தை அவங்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்க. வாய் திறந்தாலே தானா அனுப்புற வாக்ஸை அணைச்சுடுங்க, கார்ல அது ஏசி சத்தத்தையும் பின் சீட் சண்டையையும் ஊருக்கே ஒலிபரப்பும். கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு சேனல், அது நெரிசலா இருந்தா போக வேண்டிய இன்னொரு சேனல், ரெண்டையும் முடிவு பண்ணி ரேடியோ முதுகுல டேப் ஒட்டி எழுதிடுங்க. 1ஆம் சேனலை விட்டுடுங்க, பெட்டியைப் பிரிச்சதும் எல்லாரும் அங்கதான் இருப்பாங்க, ஸ்கீ ரிசார்ட்லயும் தீம் பார்க்லயும் அது சந்தைக்கடை. 15லேர்ந்து 22க்குள்ள ஒண்ணை எடுங்க.

கடைசியா, எல்லை தாண்டுறவங்களுக்கு. கனடாவுல ஜிஎம்ஆர்எஸ்க்கு லைசென்ஸே கிடையாது, ஆனா அங்க 2 வாட்தான், ரிப்பீட்டரும் இல்ல, அதனால நயாகராவுக்கு அந்தப் பக்கம் போறப்போ 5 வாட் செட்டையும் கார்ல இருக்குற பெரிய செட்டையும் பயன்படுத்தாதீங்க, எஃப்ஆர்எஸ் ஜோடியை எடுத்துட்டுப் போங்க. இந்தியாவுக்கு எதையுமே எடுத்துட்டுப் போகாதீங்க. அங்க லைசென்ஸ் இல்லாம பேச விட்டிருக்குற வாக்கி-டாக்கி பட்டை 446.0லேர்ந்து 446.2 மெகாஹெர்ட்ஸ், நம்ம 462ம் 467ம் அதுல இல்ல, அதோட அங்க விக்கிற செட்டுக்கே அரசாங்க அனுமதிச் சான்று வேணும். அக்கா பசங்களுக்கு கிஃப்ட்டுன்னு பெட்டியில வச்சா ஏர்போர்ட்ல விளக்கம் சொல்ல வேண்டி வரும், அவங்களுக்கு வழக்கம்போல சாக்லேட்டே வாங்கிட்டுப் போங்க.